பழைய மைனிங் மெஷினை மாத்தலாமா? கரன்ட் பில் சொல்லும் கணக்கு!

பிட்காயின் மைனிங் மெஷின் விற்பவர்கள் முதலில் காட்டுவது 'டெராஹேஷ்' எண்ணைத்தான். நொடிக்கு 1 லட்சம் கோடி முறை கணக்குப் போட்டுப் பார்த்தால், அது 1 டெராஹேஷ். எண் பெரிதாக இருந்தால் மெஷின் வேகமானது. அதை ஓட்டினால் கட்டுப்படியாகுமா என்றால், அந்த எண்ணிடம் பதில் கிடையாது. சிசி-யை மட்டும் பார்த்துவிட்டு, மைலேஜ் கேட்காமல் பைக் வாங்குற மாதிரிதான்.

மைனிங்கில் மைலேஜ் என்பது 'ஒரு டெராஹேஷுக்கு எத்தனை ஜூல் மின்சாரம்' என்ற கணக்கு. இது குறையக் குறைய நல்லது. பிட்மெயின் நிறுவனம் 2016-ல் கொண்டுவந்த ஆன்ட்மைனர் எஸ்9-க்கு இது சுமார் 98 ஜூல். 2020-ன் எஸ்19 ப்ரோவுக்கு 29.5. 2023-ல் அறிமுகமான எஸ்21-க்கு 17.5.

200 டெராஹேஷ் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எஸ்9 என்றால் 15 மெஷின்கள் வேண்டும். ஒரு நாளைக்கு 470 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். எஸ்19 ப்ரோ ரகத்தில் சுமார் 142 யூனிட். எஸ்21 ஒன்றே போதும், 84 யூனிட்.

எஸ்9 வைத்திருப்பவருக்கு யோசிக்கவே ஒன்றுமில்லை. குழப்பமெல்லாம் எஸ்19 ப்ரோ வைத்திருப்பவருக்குத்தான். மாற்றினால் தினமும் மிச்சமாவது சுமார் 58 யூனிட். யூனிட் 4 ரூபாய் என்றால் வருடத்துக்கு 84 ஆயிரம் ரூபாய், 8 ரூபாய் என்றால் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம். புது மெஷினின் விலையை இந்தத் தொகையால் வகுத்தால், போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்று தெரிந்துவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுவது. கரன்ட் விலை அதிகமுள்ள இடத்தில் மிச்சம் பெரிதாகத் தெரியும். ஆனால் மிச்சம் வேறு, லாபம் வேறு. 8 ரூபாய் யூனிட்டில் எஸ்21-ஐ ஓட்டவே தினமும் 672 ரூபாய் ஆகும். அதைத் தாண்டிச் சம்பாதிக்காத மெஷின், நஷ்டத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.

வேகம் கூடினா காயினும் கூடுமா?

உலகம் முழுக்க எத்தனை மெஷின் ஓடினாலும், ஒரு நாளைக்குப் புதிதாகக் கிடைப்பது சுமார் 450 பிட்காயின்தான். 2024 ஏப்ரலில் ஒரு பிளாக்குக்கான பரிசு 6.25-லிருந்து 3.125 ஆகப் பாதியாகிவிட்டது. மெஷின்கள் பெருகினால், 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கணக்கும் கடினமாக்கப்படும். எல்லோரும் புது மெஷினுக்கு மாறும்போது, மாறாதவரின் பங்கு சுருங்கும். மாறியவருக்கும் நினைத்த அளவு கூடாது.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எஸ்9 வாங்கினால், விலையில் மிச்சம் பிடித்ததை மின்வாரியத்திடம் கட்ட வேண்டியிருக்கும். இந்த மெஷின்களை வேறு வேலைக்கும் பயன்படுத்த முடியாது. 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங்கையே கைவிட்டபோது, கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களால் அதை கேம் விளையாடுபவர்களிடமாவது விற்க முடிந்தது. ஆன்ட்மைனருக்கு அந்த வழியும் இல்லை.

புதுசு வாங்காமலேயே கொஞ்சம் தேற்றலாம். சாஃப்ட்வேர் அமைப்பில் மெஷினின் வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்தால், வேகம் குறைவதைவிட மின்செலவு அதிகமாகக் குறையும். ஆனால் வெளியாளின் சாஃப்ட்வேரைப் போட்டால் வாரன்டி போய்விடலாம், ஜாக்கிரதை.

இந்தியாவில் இன்னொரு செலவும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்காக மெஷின் உள்ளிட்ட கட்டமைப்பில் போட்ட பணத்தை அதில் கழித்துக்கொள்ள முடியாது என்று, அந்த ஆண்டு மார்ச்சிலேயே மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்திவிட்டது.