மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்தவர்கள்



சென்ற வாரம் குடும்பத்தாரோடு ஓர் உணவகத்திற்குச் சென்றிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம் அமர்ந்திருந்தது. அவர்களுடைய மகனுக்குப் பத்து வயது இருக்கலாம். அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பணியாளரைப் பார்த்து, "டேய், தண்ணி கொண்டா!" என்று கூவினான். அந்தப் பணியாளருக்குத் தலை நரைத்திருந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். நம்மவர் வழக்கில் 'ஊர்க்காரர்'. அவர் மறுமொழி கூறாமல் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். பெற்றோர் மகனைக் கண்டிக்கவில்லை, சிரித்தார்கள். ஆசிரியனாகிய நானும் வாய் திறக்கவில்லை.

வீடு திரும்பிய பின்னும் அந்தக் காட்சி மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பொழுது, 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டார இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் நடத்திய வேலைநிறுத்தம் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அக்காலத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி, எதிரே வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்துக் கிராணியோ வந்தால் உடனே இறங்கி நிற்க வேண்டும். தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டியாக இருந்தாலும் அதே விதிதான்!

1930களின் பொருளாதார வீழ்ச்சியில் தொழிலாளர்களின் கூலி வெட்டப்பட்டது. பின்னர் ஐரோப்பாவில் போர் மூண்டது. இரப்பருக்குத் தேவை பெருகியது. தோட்ட நிறுவனங்களுக்கு ஆதாயமும் பெருகியது. ஆனால், அதற்கேற்பக் கூலி உயரவில்லை. இந்நிலையில்தான் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டியது. அதன் தலைவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். 1941 மார்ச்சு மாதம் தொடங்கித் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது.

தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் சில இவை:

1. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி வேண்டும்.
2. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும்.
3. பெண்களிடம் துரைமார்களும் மேலாட்களும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும்.
4. கள்ளுக்கடைகளை மூட வேண்டும்.
5. உற்றார் உறவினர் தடையின்றித் தோட்டத்திற்குள் வந்துபோக வேண்டும்.
6. துரையின் முன்னும் கிராணியின் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும்.

இந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். வயிற்றுக்கான கோரிக்கையும் மானத்திற்கான கோரிக்கையும் ஒரே தாளில் இருக்கின்றன. தங்கள் உழைப்பை உறிஞ்சிய கள்ளுக்கடையை மூடுங்கள் என்று தொழிலாளர்களே கேட்டிருக்கிறார்கள்! ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால், பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். ஆகவேதான் 'முறையான' கல்வி வேண்டும் என்றார்கள்.

மே 6ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர்கள் திரண்டனர். வேலைநிறுத்தம் மேலும் பரவியது. ஆங்கிலேய அரசு இராணுவத்தை வரவழைத்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். நாதனும் வேறு பலரும் இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டனர்.

'பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பதும் இறங்கி நிற்பதும் நம் பண்பாடுதானே? அதற்காகவா போராடினார்கள்?' என்று சிலர் கேட்கக்கூடும். ஊர்ப் பெரியவரைக் கண்டு ஒருவன் தானே இறங்கினால் அது மரியாதை. இறங்காவிட்டால் என்ன நேருமோ என்று நடுங்கி இறங்கினால் அதற்குப் பெயர் அச்சம். வாங்குபவர் திரும்பத் தர வேண்டாத மரியாதையை நம் முன்னோர் ஏற்க மறுத்தார்கள். கூலிக்காரனும் மனிதன்தான் என்பதே அவர்கள் சொன்ன செய்தி.

இனி உணவகத்திற்கு வருவோம். அந்தச் சிறுவனின் பாட்டனோ பூட்டனோ ஏதோ ஒரு தோட்டத்தில் அப்படி இறங்கி நின்றவராக இருக்கக்கூடும். இன்று அவர் வழிவந்த பிள்ளை இன்னொரு தொழிலாளியை 'டேய்' என்கிறான். நம் உணவகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் கட்டுமான இடங்களிலும் தமிழ்நாடு, வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய இடங்களிலிருந்து வந்தவர்கள் உழைக்கிறார்கள். அன்று நம்மவர் கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கடனோடு கப்பலேறினர். இன்று இவர்களுள் பலர் முகவர்களுக்குப் பணம் கட்டிக் கடனோடு விமானமேறுகின்றனர். பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆயினும், அப்படிச் செய்யும் முதலாளிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுள் நம் இனத்தவரும் உண்டு என்பதை மறைப்பானேன்?

துரையின் கொடுமையைப் பேசும்போது நமக்குக் குரல் உயர்கிறது. நாமே துரையாக நடக்கும்போது மட்டும் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிள்ளைகள் நன்னெறிப் பாடத்தை நூலில் படிக்கிறார்கள். அதன் பொருளை நம் நடத்தையில் காண்கிறார்கள். உணவு பரிமாறுபவரை 'அண்ணன்' என்றோ 'ஐயா' என்றோ அழைத்து, 'நன்றி' என்று நாம் சொன்னால் அவர்களும் சொல்வார்கள். பள்ளியைக் கூட்டுபவருக்கும் காவலருக்கும் ஆசிரியர்கள் வணக்கம் கூறினால் மாணவர்களும் கூறுவார்கள். வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி இந்த மிதிவண்டிக் கதையைச் சொல்லுங்கள். கதை முடிந்ததும், 'இன்று யாரை நாம் இறங்கி நிற்க வைக்கிறோம்?' என்று கேளுங்கள். பிள்ளைகளே விடை கூறுவார்கள்.

அன்று உணவகத்தில் நான் பேசாமல் இருந்தது தவறு. அடுத்த முறை அச்சிறுவனிடம் அன்போடு, "தம்பி, 'அண்ணே' என்று கூப்பிடு" என்று சொல்ல வேண்டும் எனத் தீர்மானித்திருக்கிறேன்.

நீங்களும் எண்ணிப் பாருங்கள்.