"ஒத்துக்கிட்டு வந்துரு": தோட்டத்து அடிதடிக் கேஸ்களின் பழைய கதை



பதுளை, ஹாலிஎல, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் ஒரு பிள்ளை மீது அடிதடிக் கேஸ் விழுந்தால் பெரியவர்கள் பலர் சொல்லும் புத்தி ஒன்றுதான்: "குத்தத்தை ஒத்துக்கிட்டு, தண்டத்தைக் கட்டிட்டு வந்துரு." நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். தவணைக்குத் தவணை கோட்டுக்குப் போனால் நாள் பேர் போய்விடும், சட்டத்தரணிக்கும் காசு வேண்டும். ஆனால் ஒத்துக்கொண்ட கேஸ் பதிவில் நிற்கும். அரசாங்க வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போக பொலிஸ் சான்றிதழ் கேட்கும்போதுதான் அதன் விலை தெரியும். படிப்பித்து அனுப்பிய பிள்ளைகள் இப்படி நிற்பதைப் பார்க்கிற ஆசிரியர்கள் நாங்கள். அதனால் இந்தப் பழக்கத்தின் வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

தோட்டத் தொழிலாளிக்கு நீதிமன்றம் என்பது ஆரம்பத்தில் நியாயம் கேட்கும் இடமாக இருக்கவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி வேலைக்கு வர மறுத்தாலும், சொன்ன சொல் கேட்காவிட்டாலும், துரையிடம் மரியாதைக் குறைவாக நடந்தாலும் அது குற்றம். மூன்று மாதம் வரை மறியல் கிடைக்கலாம். கூலிப் பிணக்குக்கே சிறை! இந்தத் தண்டனைப் பிரிவுகள் 1920களின் தொடக்கத்தில்தான் நீங்கின. அதுவரை இரண்டு மூன்று தலைமுறைகள் "கோட்டுக்குப் போனால் துரை பக்கம்தான் தீர்ப்பு" என்று கற்றுக்கொண்டன. "ஒத்துக்கிட்டு வந்துரு" என்ற புத்தியில் அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

1940இல் நிலைமை அசைந்தது. அந்த ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதே நேரத்தில் தொழிலாளர்கள் மீதும் வழக்குகள் இருந்தன. ஆணைக்குழு விசாரித்து முடிக்கும்வரை அந்த வழக்குகளைத் தள்ளிவைக்கக் கேட்கும்படி உள்நாட்டு அமைச்சர் சேர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மா அதிபர் பேங்ஸுக்குச் சொன்னார். அவர் இணங்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்கு விஷயம் போனது. தோட்டத்து வழக்கு ஒன்று நாட்டின் மந்திரிசபையையே ஆட்டியது! ஆணைக்குழு முன்னால் கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரானவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. அந்தப் பெண்ணுக்காகப் பேச ஒரு சட்டத்தரணி இருந்தார் என்பதை மறக்கக் கூடாது.

அந்த ஆண்டே வேலைநிறுத்த அலை எங்கள் ஊவாவுக்கும் வந்தது. வெவஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் நிர்வாகம் செய்வேன் என்று துரை இணங்க வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்துவிட்டார்கள். பிறகு வெள்ளம் வந்து ஊவாவை வெளியுலகிலிருந்து துண்டித்தது. பொலிஸ் அடக்குமுறை கடுமையானது, போராட்டம் ஒடுங்கியது. ஜூனில் கட்சித் தலைவர்களும் சிறை போனார்கள். வெவஸ்ஸையில் காட்டிய துணிவு பெரியது. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு பொலிஸிலும் கோட்டிலும் ஒவ்வொருவரும் தனித்தனி ஆளாகத்தான் நிற்க வேண்டும். அங்கே துணிவு மட்டும் போதாது.

அதற்குப் பத்து வருடம் கழித்து இன்னொரு வழக்கு. வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் லயத்துக் காம்பராவை விட்டுப் போகாத தொழிலாளி ஒருவரைக் குற்றவியல் அத்துமீறல் என்று தண்டித்தார்கள். வழக்கு லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது. 1950இல் தொழிலாளிக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தனக்கு உரிமை உண்டு என்று உண்மையாக நம்பி இருப்பவர், அதனால் துரைக்குத் தொல்லை என்பதற்காக மட்டும் குற்றவாளி ஆகமாட்டார் என்பது அதன் சாரம். அவர் முதல் நாளே ஒத்துக்கொண்டிருந்தால் இந்தத் தீர்ப்பே இல்லை.

அடிதடிக் கேஸும் அப்படித்தான். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை எல்லா அடியையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. வேண்டுமென்று காயம் விளைவித்தால் (314) ஒரு வருடம் வரை. கத்தி போன்ற ஆபத்தான ஆயுதத்தால் என்றால் (315) மூன்று வருடம் வரை. எலும்பு முறிவு, பார்வை இழப்பு போன்ற கடுங்காயம் என்றால் (316) ஏழு வருடம் வரை. அதுவும் ஆயுதத்தால் என்றால் (317) பத்து வருடம் வரை. தன்னைக் காத்துக்கொள்ள அளவோடு திருப்பி அடிப்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் ஒத்துக்கொள்வது, படிக்காத கடதாசியில் கையெழுத்து வைப்பது போல.

பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டியவை:

பொலிஸில் சொல்வதைத் தமிழில் சொல்லுங்கள். எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் உங்களுக்கு எதிரான சாட்சியமாகாது.

நீங்களும் அடிபட்டிருந்தால் அன்றைக்கே முறைப்பாடு போடுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காயத்தைப் பதிவு செய்யுங்கள்.

1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு.

சட்டத்தரணி மூலம் பேசும் உரிமையை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தருகிறது. வழக்கு நடப்பதைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்கும் உரிமை 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

மேல் நீதிமன்றத்தில் கேட்டால் அரச செலவில் சட்டத்தரணி தருவார்கள். நீதவான் நீதிமன்றத்தில் அது தானாக வராது. நாங்கள்தான் 1978இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவைத் தேடிப் போக வேண்டும். பதுளையிலும் அதன் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.

சின்னக் காயக் கேஸ்களை மத்தியஸ்த சபையில் முடிக்கலாம். அங்கே சமாதானமானால் அது குற்றத்தீர்ப்பு ஆகாது. முதல் தடவை பிழை செய்தவரைக் குற்றவாளியாகப் பதியாமல் எச்சரித்து விடும் அதிகாரமும் நீதவானுக்கு உண்டு. அதைக் கேட்டுப் பெறுவது சட்டத்தரணியின் வேலை.

கடைசியாக டவுனில் இருக்கும் எங்கள் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எங்களில் பலருக்குச் சிங்களமும் தமிழும் சரளமாக வரும். தோட்டத்து மக்கள் எங்கள் கடைகளுக்கு வருகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். பொலிஸில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்ல ஒரு மணித்தியாலம் கூடப் போங்கள். சண்டையைக் கண்ணால் கண்டிருந்தால் கண்டதைச் சொல்லுங்கள், எந்தப் பக்கமானாலும். சாட்சியை மறைப்பது பாவம் என்று ஓதியவர்கள் நாங்கள்.

இதைத் தெரிந்த ஒரு பெற்றோருக்காவது வாசித்துக் காட்டுங்கள்.