ஃபால்கன் 1: ரசாக்சாட்டைச் சுமந்த சிறு ராக்கெட்

ஃபால்கன் 1, அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் கட்டிய முதல் ராக்கெட். சுமார் 21 மீட்டர் உயரம், இரண்டு அடுக்கு. மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் உந்துபொருள். 2006 முதல் 2009 வரை ஐந்தே முறை பறந்தது. அது சுற்றுப்பாதையில் சேர்த்த ஒரே செயற்கைக்கோள் மலேசியாவுடையது: ஷா ஆலமில் இயங்கிய அஸ்ட்ரோநாட்டிக் டெக்னாலஜி நிறுவனம், தென் கொரியாவின் சாட்ரெக் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய 180 கிலோ எடையுள்ள ரசாக்சாட்.

மலேசியாவின் முந்தைய செயற்கைக்கோளான தியுங்சாட்-1, 2000 செப்டம்பரில் பைக்கனூரிலிருந்து வேறு சில செயற்கைக்கோள்களோடு ஒரே ராக்கெட்டில் போனது. கூட்டாகப் போனால் பாதையும் பொதுவானதுதான். பூமியைப் படமெடுக்கும் ரசாக்சாட்டுக்கு அது ஒத்துவராது. துருவப் பாதையில் சுற்றும் கேமரா கோலாலம்பூர்ப் பக்கம் எப்போதாவதுதான் வரும். அந்த நேரம் பார்த்து மேகம் மூடியிருந்தால் படம் கிடைக்காது. மேகத்துக்கோ இங்கே பஞ்சமில்லை. பூமத்திய ரேகையை ஒட்டி, 9 பாகைச் சாய்வில், 685 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றினால் இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஃபால்கன் 1 ஏவப்பட்ட ஒமெலெக் தீவு, பசிபிக்கில் குவாஜலின் பவளத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது; ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேர் கிழக்கே ஏவினாலே அந்தச் சாய்வு கிடைத்துவிடும்.

அதே தீவின் உப்புக்காற்றுதான் முதல் ராக்கெட்டைக் காவு வாங்கியது. எரிபொருள் குழாயின் அலுமினிய நட்டு ஒன்று அரித்துப்போய், கசிவில் தீப்பிடித்தது. இரண்டாவது முயற்சியும் தோற்றது. மூன்றாவதில், எஞ்சின் அணைந்த பிறகும் மிச்சமிருந்த உந்துதல், பிரிந்த கீழடுக்கை மேலடுக்கின் மீது மோத வைத்தது. எஞ்சின் அணைவதற்கும் அடுக்குகள் பிரிவதற்கும் இடையே சற்றுக் கூடுதல் நேரம் விட்டார்கள், திருத்தம் அவ்வளவுதான். எட்டே வாரத்தில், 2008 செப்டம்பர் 28 அன்று, ஒரு மாதிரிச் சுமையோடு ஃபால்கன் 1 சுற்றுப்பாதையை எட்டியது. தனியார் உருவாக்கிய திரவ எரிபொருள் ராக்கெட் ஒன்று அங்கே போனது அதுவே முதல் முறை.

ரசாக்சாட் 2009 ஏப்ரலில் போக வேண்டியது. ராக்கெட்டின் அதிர்வு அதற்குத் தீங்காகலாம் என்று தெரிந்ததால் ஜூலை 14 வரை தள்ளிப்போனது. ஏவுதல் பிசகின்றி முடிந்தது, செயற்கைக்கோள்தான் நிலைக்கவில்லை. குறித்த இடத்தை விட்டுப் படங்கள் விலகின. மூன்றாண்டு உழைக்க வேண்டியது ஓராண்டளவில் ஓய்ந்தது.

ஃபால்கன் 1 அதன்பின் பறக்கவே இல்லை. பெரிய ராக்கெட்டில் இடம் பகிர்வது மலிவு; ஸ்பேஸ்எக்ஸே 2021 முதல் அதைத் தொடர்ந்து செய்கிறது. ஆயினும் தனக்கென ஒரு பாதை வேண்டுவோருக்குச் சிறு ராக்கெட்டின் தேவை தீரவில்லை. இந்தியாவின் எஸ்.எஸ்.எல்.வி. 2023 பிப்ரவரியில் முதன்முறையாக வெற்றி பெற்றது. அதற்காகத் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல்.