வீழும் பொருளின் ஒளி

1962 ஜூன் 18ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும் வேளையில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து வொயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஏரோபீ வகை ராக்கெட் ஒன்று விண்ணில் ஏவப்பட்டது. ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினரின் கருவிகள் அதில் இருந்தன. ஞாயிற்றின் கதிர் பட்ட திங்களின் தரை எக்ஸ் கதிரை உமிழ்கின்றதா என்று காண்பதே நோக்கம். வளிமண்டலம் அக்கதிரைத் தடுத்துவிடும். ஆதலால், ராக்கெட் உயரத்தில் நிற்கும் ஏறக்குறைய ஆறு நிமிடங்களே அவர்களுக்கு வாய்த்தன.

திங்களின் கதிர் புலப்படவில்லை. விருச்சிக மண்டலத் திசையிலிருந்தோ வலிய எக்ஸ் கதிர் வந்தது. அதன் பிறப்பிடத்திற்கு ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 என்று பெயரிட்டனர். ஞாயிற்றை ஒத்த மீன் எதுவும் அத்துணைத் தொலைவிலிருந்து அவ்வளவு கதிரை அனுப்ப இயலாது. அவ்வாறாயின் அவ்வாற்றல் எங்கிருந்து பிறந்தது?

விடைக்கான வித்து முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என 1930களின் தொடக்கத்தில் கணித்துக் காட்டினார். 1934இல் பாடேயும் ஸ்விக்கியும் நியூட்ரான் விண்மீன் என்னும் கருத்தை முன்வைத்தனர். ஞாயிற்றினும் மிக்க நிறை, சுமார் பத்துக் கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையில் அடங்கிய விண்மீன் அது.

1967இல் சோவியத் அறிஞர் ஷ்க்லோவ்ஸ்கி, ஸ்கார்பியஸ் எக்ஸ்-1 இரட்டை விண்மீன் என்றும், துணைமீனின் வாயு நியூட்ரான் விண்மீன்மீது வீழ்வதாலேயே கதிர் பிறக்கிறது என்றும் எழுதினார். அவ்வாறு வீழும் பொருள் ஒளியின் வேகத்தில் பாதியளவை எட்டும். பல கோடி டிகிரி வெப்பமுற்று எக்ஸ் கதிரை உமிழும். அதே அளவு ஹைட்ரஜன் அணுச்சேர்க்கையில் தரும் ஆற்றலினும் இது பத்து மடங்குக்கு மேற்பட்டது. எனினும், நியூட்ரான் விண்மீனை எவரும் கண்டறிந்திராத அக்காலத்தில் அக்கருத்து போதிய கவனம் பெறவில்லை.

சான்று கென்யக் கடற்கரையிலிருந்து கிடைத்தது. 1970 டிசம்பர் 12, கென்யாவின் விடுதலை நாளன்று, கடலில் நிறுவிய மேடையிலிருந்து ஏவப்பட்ட செயற்கைக்கோள், சுவாகிலி மொழியில் விடுதலை எனப் பொருள்படும் உகுரு என்ற பெயர் பெற்றது. 1971இல் சென்டாரஸ் எக்ஸ்-3 4.8 வினாடிக்கு ஒருமுறை துடிப்பதை அது கண்டது. அத்துடிப்பு 2.1 நாளைக்கொரு முறை துணைமீனின் பின்னே மறைந்தது. மறைவுக்கேற்பத் துடிப்பின் இடைவெளியும் சுருங்கி விரிந்தது. ஆகவே, இரு மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவது ஐயமற உறுதியாயிற்று.

மற்றுமொரு சான்றும் எழுந்தது. தன் சுழற்சியைச் செலவிட்டு ஒளிரும் மீனின் வேகம் தளர வேண்டும். சென்டாரஸ் எக்ஸ்-3இன் சுழற்சியோ ஆண்டுதோறும் விரைவுற்றது. சுழன்று வீழும் பொருளே அதனை உந்தியது. 1975இல் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1இன் சுற்றுக்காலமும் 18.9 மணி எனத் தெளிவாயிற்று. ஷ்க்லோவ்ஸ்கியின் கருத்து நிலைபெற்றது.

1999இல் விண்ணேறிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி சந்திரா எனச் சந்திரசேகரின் பெயர் தாங்கிற்று. 2002இல் ஜியாக்கோனி நோபல் பரிசில் பங்கு பெற்றார். திங்களைத் தேடிய ஆறு நிமிடங்கள், அணுவினும் ஈர்ப்பே பெரும் ஆற்றலூற்று என்னும் உண்மையை உலகுக்கு ஈந்தன.