கையொப்பத்தால் வெளிவந்த சிந்தாமணி

மின்னூலுக்குத் தாள் விலையும் இல்லை, அச்சுக்கூலியும் இல்லை. ஆயினும் தம் நூலைத் தாமே வெளியிடுவோர் வாசகரைத் தேடி அலையும் அலைச்சல் குறைந்தபாடில்லை. இவ்வலைச்சலின் பழைய வரலாறு ஒன்றை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

கும்பகோணம் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு தமிழாசிரியராக அமர்ந்தார் உ. வே. சாமிநாதையர். அவ்வாண்டிலேயே அவரைச் சீவக சிந்தாமணியின்பால் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடம் கண்டாயிற்று, அச்சிடுதற்கோ பொருளில்லை. மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியரிடம் ஏது பொருள்? ஐயர் அன்பர்களை அணுகிக் கையொப்பம் சேர்த்தார். நூல் வெளிவருமுன்பே உதவ இசைந்து பெயரெழுதித் தருவதே கையொப்பம்.

இதனை யாசகம் என்பாரும் உளர். நான் அவ்வாறு கருதேன். அச்சேறுமுன்பே நூலைப்பற்றிப் பேசுவோர் சிலர் இதனால் அமைந்துவிடுகின்றனர். நம் நாட்டு வெளியீட்டு விழாக்களில் முதற்படி பெறும் வழக்கமும் இதற்கு உறவே. ஆனால், பெற்ற படி பிரிக்கப்படாமலே அலமாரி ஏறுவதுமுண்டு!

ஐயர் அதற்கும் வழி செய்தார். சமணக் காப்பியம் பலர்க்கும் புதிது. ஆகவே நச்சினார்க்கினியர் உரையோடு, கதைச் சுருக்கத்தையும் உரையாசிரியர் வரலாற்றையும் எழுதிச் சேர்த்தார். விளங்காத நூலை எவர் விரும்பி வாங்குவர்?

சிந்தாமணி 1887இல் சென்னையில் வெளிவந்தது. அதனாற் பெற்ற பெயர் துணைநிற்க, 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன.