கேல் நகரத்து வீடுகள்

பெல்ஜியம் நாட்டுக் கேல் நகரில் புனித டிம்ப்னாவின் ஆலயம் உள்ளது. அயர்லாந்திலிருந்து தப்பியோடிவந்த இளவரசி, மதியிழந்த தந்தையின் வாளுக்கு அங்கே இரையானாள் என்பது மரபு. மனநோயாளரின் பாதுகாவலியாக அவளைப் போற்றிய மக்கள், இடைக்காலத்திலேயே தம் நோயுற்றோரை அங்கே அழைத்து வந்தனர். ஆலயத்தை ஒட்டிய அறையில் ஒன்பது நாள் செபம் நடைபெறும். அறை நிரம்பியபோது ஊரார் தம் வீடுகளைத் திறந்தனர். நவநாள் முடிந்தபின்னும் பலர் அவ்வீடுகளிலேயே தங்கிவிட்டனர்.

இதனை அன்பின் கதையாக மட்டும் எழுதினால் நாம் வரலாற்றை மறைத்தவராவோம். தங்கியோருக்காகக் குடும்பங்கள் பணம் பெற்றன. வயலுக்கும் ஆள் கிடைத்தது. ஆயினும் அப்பணத்தில் அடங்காத ஒன்றும் அங்கே விளைந்தது. அவர்களை ஊரார் நோயாளர் என்பதில்லை. தங்கியிருப்போர் என்றே அழைத்தனர். வீட்டாரோடு ஒரே மேசையில் உண்டனர். வீட்டுப் பிள்ளைகள் அவர்களோடு வளர்ந்தனர். பெற்றோர் மறைந்தபின், வீட்டோடு இவர்களையும் பிள்ளைகள் தம் பொறுப்பில் ஏற்றதுண்டு. சொத்துப் பிரிப்பதில் சண்டையிடும் நமக்கு இது வியப்பாகவே உள்ளது!

1850-இல் மேற்பார்வையை அரசு ஏற்றது. 1938-இல் 3,700-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு வாழ்ந்தனர். பின்னர் வயல்கள் குறைந்தன. பெண்களும் வெளிவேலைக்குச் சென்றனர். பகலில் வீடுகள் பூட்டிக் கிடந்தன. நூற்றாண்டின் முடிவில் அத்தொகை சில நூறாகச் சுருங்கியது. யுனெஸ்கோ இம்மரபைத் தன் பதிவேட்டில் சேர்த்தது 2023-இல்தான்.