பின் டயர் சொல்லும் கதை: செவ்ரலே கோர்வேர்

இன்னைக்கு ஒரு காரோட பின் சக்கரம் எப்படி ஒரு நாட்டோட சட்டத்தையே மாத்துச்சுன்னு பார்க்கப் போறோம்.

முதல்ல டயரைப் படிக்கக் கத்துக்கலாம். நடுப்பகுதி மட்டும் தேய்ஞ்சிருந்தா காத்து அதிகம். ரெண்டு ஓரமும் தேய்ஞ்சிருந்தா காத்து கம்மி. அங்கங்க பள்ளம் பள்ளமா தேய்ஞ்சிருந்தா ஷாக் அப்சார்பர் மேல சந்தேகப்படலாம். உள் ஓரம் மட்டும் மொட்டையானா, பெரும்பாலும் சக்கரத்தோட மேல் பாகம் உள்பக்கமா சாய்ஞ்சிருக்கு. இந்தச் சாய்வுக்குப் பேர்தான் கேம்பர். நம்ம கதையோட வில்லனும் இந்தக் கேம்பர்தான்.

1959 அக்டோபர்ல அமெரிக்காவுல செவ்ரலே நிறுவனம் கோர்வேர்னு ஒரு கார் விட்டது. சின்ன வண்டி. காத்தால குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதுவும் பின்பக்கம். அதனால மொத்த எடையில 60 சதவீதத்துக்கு மேல பின் சக்கரங்கள் மேல உட்கார்ந்தது.

பின் சஸ்பென்ஷன் 'ஸ்விங் ஆக்சில்' வகை. கதவு கீல்ல ஆடுற மாதிரி, ஆக்சில் டிஃபரென்ஷியல் பக்கத்துல மட்டும் மடங்கும். சக்கரம் மேல போனாலும் கீழ வந்தாலும் அதோட சாய்வும் கூடவே மாறும். பாரம் ஏத்தினா மேல் பாகம் உள்ள சாயும், டயரோட உள் ஓரம் தேயும். அதுகூடப் பரவாயில்லை, பணம்தான் நஷ்டம். வேகமா வளைவுல திரும்பும்போதுதான் ஆபத்து. பக்கவாட்டு விசை வண்டியோட பின்பாகத்தைத் தூக்கும். வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கும். பிடிமானம் சட்டுனு போயிடும்.

இதுக்கு நிறுவனம் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? காத்து! முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 26. முன் டயர் கொஞ்சம் தளர்வா இருந்தா, பின்பக்கம் வழுக்குறதுக்கு முன்னாடியே முன்பக்கம் வழுக்கும், வண்டி கட்டுக்குள்ள இருக்கும்னு கணக்கு. பெட்ரோல் பங்க்ல யாராவது நாலு டயருக்கும் ஒரே அளவு காத்து அடிச்சா அந்தப் பாதுகாப்பு போச்சு. உயிர் காக்குற வேலையை வண்டியில வைக்காம, ஓனரோட ஞாபகத்துல வச்சாங்க.

1964 மாடல்ல முன்பக்கம் ஆன்டி ரோல் பாரும், பின்பக்கம் குறுக்கே ஒரு பட்டை ஸ்ப்ரிங்கும் வந்தது. 1965 மாடல்ல பின் சஸ்பென்ஷனையே முழுசா மாத்திட்டாங்க. ஆனா பழைய வண்டிகள் ரோட்டுலதானே ஓடிட்டு இருந்தது?

அதே 1965ல ரால்ஃப் நேடர்ங்கிற இளம் வழக்கறிஞர் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' புத்தகத்தை வெளியிட்டார். முதல் அத்தியாயமே கோர்வேர்தான். தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அவரைப் பத்தித் துப்பறிய ஆள் வச்சது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச்ல நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழு முன்னாடி மன்னிப்புக் கேட்டார். அதே செப்டம்பர்ல வாகனப் பாதுகாப்புச் சட்டத்துல அதிபர் ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

கதை இங்க முடியலை. 1972ல அரசாங்கத்தோட பாதுகாப்பு அமைப்பே சோதனை செஞ்சு, 1960-63 கோர்வேர் அந்தக் காலத்து மத்த கார்களை விட மோசமில்லைன்னு சொன்னது. அப்போ நேடர் சொன்னது தப்பா? ஒப்பிட்ட கார்கள்ல ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் ரெனோ டோஃபினும் இருந்தது. ரெண்டுலயும் அதே ஸ்விங் ஆக்சில்! 'மத்தவங்களை விட மோசமில்லை'ங்கிறதும் 'பாதுகாப்பானது'ங்கிறதும் ஒண்ணு இல்லை.

இப்போ நம்ம ஊர் ஹேட்ச்பேக் கார்கள்ல பெரும்பாலும் பின்பக்கம் இருக்கிறது ட்விஸ்ட் பீம். இதுல பொதுவா கேம்பரைத் திருகி சரி பண்ண வழி கிடையாது. அதனால பின் டயர் ஒரு ஓரமா தேய்ஞ்சா, டயரை மட்டும் மாத்திட்டு வராதீங்க. பீம் வளைஞ்சிருக்கா, புஷ் போயிருக்கா, வீல் பேரிங் ஆடுதான்னு பார்க்கச் சொல்லுங்க. மாசம் ஒரு தடவை காத்தும் பாருங்க. சரியான அளவு டிரைவர் கதவோரத்துல ஒட்டியிருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.